பாட்டிக்கும் ஒரு பளு யந்திரம்!

இந்தப் பக்கம் வேலப்பன்சாவடி. அந்தப் பக்கம் ஐயப்பன்தாங்கல். நடுவே இருக்கிறது நூம்பல். வயலாக இருந்ததெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடி வீடாகி வெகு காலமாகிவிடவில்லை. மாடி கட்டியவர்களுக்கு மேலே ஓர் அறை உபரியாகக் கிடைக்கிறது. அதை என்ன செய்வது என்பதுதான் பல குடும்பங்களில் இப்போது சூடான விவாதம். வாடகைக்கு விடலாம் என்கிறார் தாத்தா. பூஜை அறையாக்கலாம் என்கிறாள் அம்மா. "ஜிம் வைக்கலாம்!" என்கிறான் பிள்ளை. சமீப காலமாகப் பிள்ளையின் கட்சிதான் ஜெயித்துக்கொண்டு வருகிறது!

ஜிம் என்றதும் கடைக்காரர் முதலில் காட்டுவது 'மல்டி ஸ்டேஷன்' என்ற யந்திரத்தை. ரயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரே இரும்புச் சட்டத்தில் நாலைந்து விதமான பயிற்சிகளுக்கு இடம் அமைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். தலைக்கு மேலுள்ள கம்பியை மார்பு வரை இழுக்கலாம். இரண்டு கைப்பிடிகளை முன்னால் தள்ளலாம். உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்கலாம். கீழிருந்து படகு வலிப்பது போல் இழுக்கலாம். எதைச் செய்தாலும், பின்னால் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகள் எழும்பி இறங்கும். அடுக்கில் எந்த இடத்தில் 'பின்'னைச் செருகுகிறோமோ, அதுவரை உள்ள தகடுகள் மட்டும் மேலே வரும். மற்றவை நமக்கென்ன என்று கீழேயே உட்கார்ந்திருக்கும்.

நூம்பலில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இந்த யந்திரம் வாங்குவதென்று முடிவாயிற்று. கல்லூரியில் படிக்கும் மகன், இருப்பதிலேயே கனமான தகடுகள் உள்ள யந்திரமாகப் பார்த்து செல்போனில் படத்தைக் காட்டினான். அப்பாவுக்கும் பரம சந்தோஷம். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏண்டா, நீ இன்னும் ஒரு வருஷத்தில் வேலைக்கென்று பெங்களூர் போய்விடுவாய். அப்பா இருட்டின பிறகுதான் வீடு திரும்புகிறார். பகலெல்லாம் வீட்டில் இருப்பது நானும் பாட்டியும். இதை யாருக்காக வாங்குகிறோம்?"

"பாட்டி வெயிட் தூக்கப் போறாங்களா?" என்று சிரித்தான் மகன்.

பாட்டி சிரிக்கவில்லை. வயது எழுபத்து மூன்று. நாற்காலியின் இரு கைகளையும் ஊன்றிக்கொண்டுதான் எழுந்திருக்க முடிகிறது. இரவில் குளியலறைக்குப் போவதென்றால் மருமகளை எழுப்ப வேண்டியிருக்கிறது. அந்தச் சங்கடம் பாட்டிக்குத்தான் தெரியும்.

அம்மாவின் கேள்வி லேசான கேள்வியல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகர முதியோர் இல்லம் ஒன்றில் 1990-ல் இதே கேள்வியை டாக்டர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, கப்பியும் எடையும் கொண்ட சாதாரணக் கருவியில் காலை நீட்டி மடக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள், எட்டு வாரங்கள் செய்ய வைத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். அவர்களுடைய தொடை வலிமை சராசரியாக 174 சதவிகிதம் உயர்ந்தது! இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்துவிட்டார். பத்துப் பேரை வைத்துச் சொன்னால் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அதே குழுவினர் நூறு முதியவர்களைக் கொண்டு மறுபடியும் சோதித்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சராசரி வயது 87. அங்கும் பயிற்சி செய்தவர்களின் பலம் இரு மடங்குக்குமேல் ஆயிற்று.

முதுமையில் கால் தளர்வது முழுக்க முழுக்க வயதின் குற்றமல்ல. பாதிக் குற்றம் உபயோகிக்காமல் விட்டதில் இருக்கிறது. நம் பாட்டிமாருக்குக் கிணற்று ஜகடை இருந்தது. அம்மி, ஆட்டுக்கல், உலக்கை இருந்தன. 1955-ல் கோயம்புத்தூரில் பி. சபாபதி மின்சார கிரைண்டரை உருவாக்கியதும் பெண்களின் தோளுக்கு விடுதலை கிடைத்தது. வேடிக்கையைப் பாருங்கள், அதற்கு இரண்டே வருஷம் கழித்து, 1957-ல், கலிபோர்னியாவில் ஹாரல்ட் ஜிங்கின் என்ற பயில்வான் 'யூனிவர்சல்' என்ற மல்டி ஸ்டேஷனைக் கொண்டுவந்தார்! வேலையை ஒரு யந்திரம் எடுத்துக்கொண்டது. அந்த வேலையைத் திருப்பித் தர இன்னொரு யந்திரம் வந்தது. இதைப் பார்த்து, பழையபடி உலக்கையைப் பிடியுங்கள் என்று உபதேசிப்பவர்களுடன் நமக்கு உடன்பாடில்லை. பாட்டிமார் ஆசைப்பட்டா உலக்கை பிடித்தார்கள்? வேறு வழியில்லாமல் பிடித்தார்கள். இடுப்பு வலியையும் சேர்த்தே சுமந்தார்கள். யந்திரத்தில் எவ்வளவு எடை, எத்தனை தரம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். வேண்டாமென்றால் எழுந்து போய்விடலாம்.

'பெண்கள் பளு தூக்கினால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுமே' என்று ஒரு பயம் உண்டு. வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் செய்யும் இல்லத்தரசிக்கு அப்படி எதுவும் ஆகாது. புஜம் புடைக்க வேண்டுமென்றே தவம் கிடக்கும் வாலிபர்களைக் கேட்டுப் பாருங்கள், அது எத்தனை கஷ்டமென்று சொல்வார்கள்! 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலப் பதக்கம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவர்தான். நாம் பேசுவது 240 கிலோவை அல்ல, ஐந்து கிலோவை.

ஐந்து கிலோதான் இதில் முக்கியம்! கடையில் எல்லோரும் 'அதிகபட்சம் எத்தனை கிலோ?' என்று கேட்கிறார்கள். நீங்கள் 'குறைந்தபட்சம் எத்தனை?' என்று கேளுங்கள். சாதாரணமாகத் தகடு ஒன்று ஐந்து கிலோ. பதினான்கு தகடுகள் இருந்தால் எழுபது கிலோ. இருபது வயதுப் பையனுக்கு ஐந்திலிருந்து பத்துக்குப் போவது விளையாட்டு. பாட்டிக்கோ அது ஒரேயடியாக இரண்டு மடங்கு. ஆகையால் ஒன்று, இரண்டு கிலோவாகக் கூட்டிக்கொள்ளச் சிறு எடைகளை மேல் தகட்டில் வைக்க முடியுமா என்று விசாரியுங்கள். அதற்கு வசதி இருந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் அது உதவும்.

தகட்டில் எழுதியிருக்கும் எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கிணற்றடியில் ஒரே ஜகடையில் குடத்தை இழுத்தால் குடத்தின் முழு எடையும் நம் கைக்கு வரும். கயிற்றோடு சேர்ந்து நகரும் இன்னொரு கப்பி நடுவில் இருந்தால் பாதி எடைதான் தெரியும். அதற்குப் பதில் இரண்டு மடங்கு கயிறு இழுக்க வேண்டும். இந்த யந்திரங்களிலும் அதே கணக்குத்தான். மேலே இழுக்கும் இடத்தில் இருபது கிலோவாக இருப்பது, வேறோர் இடத்தில் பத்தாகத் தெரியலாம். குறையென்று சொல்ல முடியாது, தெரிந்துகொண்டால் போதும்.

நூம்பல் குடும்பம் கடைக்குப் போனபோது பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனது. கடைப் பையன் திகைத்துப் போனான். பாட்டியை உட்காரவைத்துப் பார்த்ததில், மகன் தேர்ந்தெடுத்த யந்திரத்தில் பாட்டியின் பாதம் தரையைத் தொடவேயில்லை! ஆறடி ஆசாமிகளை மனத்தில் வைத்துச் செய்த ஆசனம் அது. ஐந்தடிக்குக் குறைந்த பெண்கள் நிறைந்த வீட்டில், ஆசனமும் முதுகுச் சாய்மானமும் உயரம் மாறக்கூடியதாக இருப்பது மிக அவசியம். காலை நீட்டும் பகுதியில் முழங்கால் மூட்டும் யந்திரத்தின் அச்சும் ஒரே நேரில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேரில் இல்லாவிட்டால் பலம் வருவதற்கு முன்னால் முழங்கால் வலி வந்துவிடும்.

"அத்தை, இது எப்படி இருக்கு?" என்று மருமகள் கேட்க, மூன்றாவது யந்திரத்தில் உட்கார்ந்த பாட்டி, "இதிலே எனக்குக் கால் ஊணுதும்மா" என்றார். தீர்மானம் முடிந்தது.

கேபிளை மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள். வழியில் எங்காவது தடுக்கினாலோ, தகடுகள் சாய்ந்து உராய்ந்தாலோ அடுத்ததைப் பாருங்கள். சட்டத்தை இரு கைகளாலும் பிடித்து உலுக்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் பாதகமில்லை. 'நாலு பேர் ஒரே சமயத்தில் செய்யலாம்' என்று அவர் சொன்னால், தகடு அடுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். அடுக்கு ஒன்றே ஒன்றென்றால், ஸ்டேஷன் எத்தனை இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒருவர்தான். அறுந்த கேபிளுக்கு மாற்றுக் கேபிள் கிடைக்குமா, பூட்டிக் கொடுக்க ஆள் வருவாரா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்துவிட வேண்டும். யந்திரம் ஏறக்குறைய ஏழடி உயரம். பத்தடிக் கூரைதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டு, பிறகு மின்விசிறியையும் பரணையும் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமையைத் தாங்கும்படி கணக்கிட வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். முறையாகக் கட்டிய வீட்டில் அறைக்குள் சுவரோரமாக வைத்தால் பெரும்பாலும் கவலையில்லை. பழைய வீடென்றால் கட்டியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வெளியே நீட்டிக் கட்டிய பால்கனியில் மட்டும் வைக்காதீர்கள்; சுமை ஒரு பக்கம், மழைச் சாரல் ஒரு பக்கம். சென்னைக் காற்றின் ஈரம் இரும்புக்கு ஜென்ம விரோதி. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் கீழ்த்தளத்தில் வைக்கவும் யோசிப்பார்கள். ஆனால் பாட்டி மாடி ஏற முடியாதென்றால்? நூம்பல் வீட்டில் அதற்காகவே மாடி அறையை விட்டுவிட்டு, கூடத்தின் ஒரு மூலையை ஒழித்துக் கொடுத்தார்கள். சோபா மாடிக்குப் போயிற்று. சரியான காரியம் என்பது நம் அபிப்பிராயம்.

பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று யந்திரத்தோடு வரும் புத்தகத்தில் இருக்காது. முந்தானையும் துப்பட்டாவும் நீண்ட பின்னலும் கப்பியில் சிக்கினால் விபரீதம். புடவையென்றால் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின்னலைக் கொண்டையாக முடிந்துகொள்ளுங்கள். சுடிதாருக்குத் துப்பட்டாவே வேண்டாம். வீட்டில் குழந்தை இருந்தால் தகடு அடுக்கைச் சுற்றி மூடி உள்ள யந்திரத்தையே வாங்குங்கள். எழும்பிய தகட்டுக்கும் கீழ்த் தகட்டுக்கும் நடுவே பிஞ்சு விரல் போனால் என்ன ஆகும் என்று விவரிக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் பயிற்சி செய்யும்போது குழந்தை அந்தப் பக்கமே வரக் கூடாது. பயிற்சி முடிந்ததும் 'பின்'னை உருவி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

மாதம் ஒரு தரம் தகடுகள் ஏறி இறங்கும் கம்பிகளைத் துணியால் துடைத்து, சிலிக்கோன் எண்ணெய் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கேபிளின் மேல் உறை வெடித்து உள்ளே கம்பி இழை தெரிந்தால், 'இந்த வாரம் போகட்டும்' என்று நினைக்காமல் அன்றே நிறுத்துங்கள்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் வெளியிட்ட யோசனைப்படி, பெரியவர்கள் எல்லோரும் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும். 65 வயதைக் கடந்தவர்களுக்கு மூன்று நாள். கூடவே தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும். ரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ, மூட்டு, கண் சிகிச்சையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பாஸ்டன் பாட்டிகளுக்கும் பக்கத்தில் ஆள் இருந்தார்கள். பத்துத் தரம் சிரமமில்லாமல் தூக்கக்கூடிய எடையில் ஆரம்பியுங்கள். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், அடக்கவே அடக்காதீர்கள். இறக்குவது ஏற்றுவதைவிட நிதானமாக இருக்கட்டும். தகடுகள் 'டமால்' என்று விழும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் மட்டுமல்ல, முழங்காலும் கோபித்துக்கொள்ளும்.

விலையைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது. முப்பதாயிரத்துக்கும் கிடைக்கிறது; லட்சத்தைத் தாண்டியும் போகிறது. அவ்வளவு பணமும் இடமும் இல்லாதவர்களுக்கு, கையில்லாத, உறுதியான நாற்காலி ஒன்று இருந்தால் தொடங்கிவிடலாம். அதைச் சுவரோரம் சாய்த்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, முப்பது வினாடிகளில் எத்தனை தரம் முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் கணக்குப்படி, 60 முதல் 64 வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தாலும், 65 முதல் 69-க்குப் பதினொன்றுக்குக் குறைந்தாலும், 70-களில் பத்துக்குக் குறைந்தாலும் கீழே விழும் அபாயம் உண்டு. குறைந்தவர்கள் அதே நாற்காலியில் காலையும் மாலையும் முடிந்தவரை எழுந்து உட்காருங்கள். முதல் வாரம் கையை ஊன்றிக்கொள்ளலாம். பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.