ஆட்டத்துக்கு ஆறு விக்கெட்

எம்பிலிப்பிட்டிய வெயிலில், அறுவடை முடிந்த வயல்தரையில் ஞாயிறு மாலைகளில் பந்து உருளும். ரக்வானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கடை வேலைக்கு இறங்கி வந்த பொடியன்களும் ஊர்ப் பொடியன்களும் கலந்து ஆடுவார்கள். சுழல் போட வருகிறவன் யாரானாலும் மணிக்கட்டை முரளி மாதிரித்தான் திருப்பிப் பார்க்கிறான். முரளி ஓய்வு பெற்றபோது இவர்களில் பலர் தொட்டில் பிள்ளைகள்.

முத்தையா முரளிதரன் 1992 ஆகஸ்டில் கெத்தாராமையில் தொடங்கி 2010 ஜூலையில் காலியில் முடித்தார். 133 டெஸ்ட், 800 விக்கெட். ஆட்டத்துக்கு ஆறு, அதுவும் 18 வருஷம்! ஷேன் வார்ன் 12 ஆட்டம் கூடுதலாக ஆடி எடுத்தது 708. ஓர் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் வீழ்த்தியது வார்ன் 37 தடவை, முரளி 67 தடவை. பிராட்மனின் சராசரிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய கணக்கு இது என்பேன்.

ஆஸ்திரேலிய மண்ணில் முரளிக்குக் கிடைத்தது 12 விக்கெட்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1998இல் ஓவல் மைதானத்தில் ஒரே டெஸ்டில் 16 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை அவர்கள் வீட்டிலேயே சாய்த்ததும் அதே கைதான்.

அந்தக் கையை நம்ப மறுத்தவர்கள் உண்டு. 1995 டிசம்பரில் மெல்போர்னில் நடுவர் டெரல் ஹேர், பந்தை எறிகிறார் என்று ஏழு தடவை ‘நோ போல்’ சொன்னார். பிறவியிலேயே முரளியின் முழங்கை முழுதாக நீளாது. தோளும் மணிக்கட்டும் சுழலும் வேகத்தில் பார்ப்பவர் கண்ணுக்கு அது எறிவதுபோல் தெரியும். 2004இல் கை மடங்காதபடி கெட்டியான உறை மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கமராவுக்கு முன்னால் தூஸ்ரா உட்பட எல்லாப் பந்துகளையும் போட்டுக் காட்டினார். ஒரு மனிதன் தன் உடம்புக்கே சாட்சி சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கொதிக்கிறது. கொழுந்துக்கூடையைத் தராசில் வைத்துவிட்டு, கணக்குப்பிள்ளை என்ன எழுதுவாரோ என்று நின்ற சனம் நாங்கள். முரளியின் தாத்தாவும் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்தான்.

கடைசி டெஸ்டுக்கு முன் முரளியிடம் இருந்தது 792 விக்கெட். இந்தியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தோடு போகிறேன் என்று அறிவித்துவிட்டார். மழையில் நேரம் கரைந்தது. முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் 799 வந்து நின்றது. அதன்பின் ஒருவரை மாலிங்க எடுத்தார், லக்ஷ்மன் ரன் அவுட். மிச்சம் ஒரே விக்கெட். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் தொலைக்காட்சிக்கு முன் சிங்களவரும் தமிழருமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மற்றவர்கள் விக்கெட் எடுத்துவிடக் கூடாதே என்று இலங்கைக்காரர் வேண்டிக்கொண்ட ஆட்டம் அது ஒன்றுதான். முரளி போட்ட பந்து ஓஜாவின் மட்டையில் உரசி ஸ்லிப்பில் மஹேலவின் கைக்குள் விழுந்தது. கடைக்காரர் அன்று யாரிடமும் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.