பூர்வீக சொத்தில் பெண்ணுக்கு சம பங்கு: தமிழ் வாத்தியார் சபாநாயகராக இருந்தபோது வந்த சட்டம்

"கட்டிக் கொடுத்தாச்சு, நகை போட்டாச்சு... இனி உனக்கு என்ன பங்கு?" பூர்வீக வீடு, நிலத்தை பிரிக்கும்போது பல குடும்பங்களில் பெண் பிள்ளைகளின் வாயை அடைக்க சொல்லப்படும் பேச்சு இது. ஆனால் சட்டம் அப்படி சொல்லவில்லை.

பூர்வீக சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்ற சட்டம் தமிழக சட்டசபையில் நிறைவேறியபோது சபாநாயகராக இருந்தவர் ஒரு தமிழ் வாத்தியார். அவர்தான் தமிழ்க்குடிமகன்.

பெற்றோர் வைத்த பெயர் சாத்தையா. தமிழ் மீது கொண்ட பற்றால் பெயரையே மாற்றிக் கொண்டார். தமிழ் பேராசிரியராகி, மதுரை யாதவர் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார். 1989 தேர்தலில் இளையான்குடி தொகுதியில் தி.மு.க. சார்பில் ஜெயித்து சபாநாயகர் ஆனார். 1996-ல் அமைச்சரான அவர், 2004-ல் காலமானார்.

60 வருஷ கோரிக்கை

பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று 1929-லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். 60 வருஷம் கழித்து 1989-ல் கருணாநிதி அரசு அதை சட்டமாக்கியது. 25.3.1989 முதல் இது அமலுக்கு வந்தது. ஆனால் அந்த தேதிக்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு இதில் பங்கு இல்லை.

என்ன மாறியது?

ஒரு அப்பா, ஒரு மகன், ஒரு மகள். அம்மா உயிருடன் இல்லை. பூர்வீக இடம் 4 சென்ட். அப்பா உயில் எழுதாமல் இறந்து விட்டார் என்று வைத்துக் கொள்வோம்.

பழைய முறையில் மகன் பிறந்த உடனே பங்காளி. அதனால் 2 சென்ட் அவனுக்கு. அப்பாவின் 2 சென்டை அண்ணனும் தங்கையும் ஆளுக்கு பாதி எடுப்பார்கள். ஆக மகனுக்கு 3 சென்ட், மகளுக்கு 1 சென்ட்.

இப்போது மகளும் பிறப்பிலேயே பங்காளி. ஆகவே ஆளுக்கு 2 சென்ட்.

கல்யாணமானவர்களுக்கும் உண்டு

9.9.2005-ல் அமலான மத்திய அரசு சட்டம், கல்யாண தேதி பார்க்கும் வழக்கத்தை நீக்கியது. அந்த தேதியில் அப்பா உயிருடன் இல்லாவிட்டாலும் மகளுக்கு பங்கு உண்டு என்று 11.8.2020-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

அதே நேரம், 20.12.2004-க்கு முன்பு பத்திரப்பதிவு செய்தோ, கோர்ட்டு மூலமாகவோ பாகம் பிரித்திருந்தால் அதை மாற்ற முடியாது. "வாய் வார்த்தையா பிரிச்சுட்டோம்" என்று சும்மா சொன்னால் எடுபடாது.

அப்பா சொந்தமாக சம்பாதித்த சொத்து என்றால் கதை வேறு. உயில் எழுதியிருந்தால் அதன்படிதான். உயில் இல்லாவிட்டால் மனைவி, தாயார் இருந்தால் அவர்களோடு மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இவை எல்லாம் இந்து வாரிசுரிமை சட்டத்துக்கு உட்பட்டவர்களுக்கு மட்டுமே பொருந்தும்.

கையெழுத்து போடும் முன்...

"ஒரு கையெழுத்துதானேம்மா" என்று கூப்பிட்டால் உடனே போட்டு விடக்கூடாது. அது விடுதலைப் பத்திரமாக இருந்தால் பங்கு கைவிட்டுப் போய்விடும். வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வாரிசு சான்றிதழில் மகள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வக்கீல் பீஸ் கட்ட வழி இல்லையா? கோர்ட்டு வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், அங்கே இலவச சட்ட உதவி உண்டு என்பது குறிப்பிடத்தக்கது.