ரத்தக்குழாய்க்குச் சத்து மாத்திரை உதவுமா?

தமனியின் உட்சுவரை எண்டோதீலியம் என்னும் மெல்லிய படலம் போர்த்தியிருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயைத் தளர்த்துவதால்தான் ரத்தம் தடையின்றி ஓடுகிறது. உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவை அந்தப் படலத்தைப் புண்ணாக்கும்போது, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு சுவருக்குள் புகுந்து படிகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்தப் படிவு தடித்து, சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு இந்த நோய் இப்போது நெருங்கி வந்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் வந்தது. ஹூண்டாயில் தொடக்கக் காலத்தில் இருபத்தைந்து வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அவர் பல ஆண்டுகள் நைட் ஷிஃப்ட் பார்த்தவராகவும் இருக்கலாம். ஷிஃப்ட் முறையில் உழைப்போருக்கு மாரடைப்பு அபாயம் சுமார் 23 சதவீதம் அதிகம் என்று, இருபது லட்சம் பேரின் தகவல்களைத் தொகுத்து 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த வயதில்தான் மெடிக்கல் ஷாப்பில் வைட்டமின் புட்டிகள் கண்ணில் படத் தொடங்குகின்றன.

வைட்டமின்கள் மீது மருத்துவ உலகமே ஒரு காலத்தில் நம்பிக்கை வைத்திருந்தது. கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதை வைட்டமின் இ, சி தடுக்கும் என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் ஐம்பது வயதைக் கடந்த 14,641 ஆண் மருத்துவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின் 2008இல் முடிவு வந்தது: மாரடைப்பும் குறையவில்லை, பக்கவாதமும் குறையவில்லை. வைட்டமின் இ எடுத்தவர்களிடம் மூளை ரத்தக்கசிவு மட்டும் கூடியிருந்தது. அதே குழுவினரிடம் மல்டிவைட்டமினும் இதயத்தைக் காக்கவில்லை என்று 2012இல் தெரிந்தது. 25,871 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் வைட்டமின் டியும் பலன் தரவில்லை.

பி வைட்டமின்களின் கதை சற்றுச் சிக்கலானது. ரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் மிகுந்தவர்களுக்கு இதயநோய் அதிகம் வருகிறது; ஃபோலிக் அமிலம், பி6, பி12 அந்த ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். குறைக்கவும் செய்தன. ஆனாலும் 2006இல் வெளியான ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. சீனாவில் ரத்த அழுத்த நோயாளிகளுக்கு பிரஷர் மாத்திரையோடு ஃபோலிக் அமிலமும் கொடுத்தபோது பக்கவாதம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாக 2015இல் தெரியவந்தது. உணவில் ஃபோலேட் சத்து குறைந்தவர்களுக்கே இந்தப் பலன் பொருந்தும் என்று கருதப்படுகிறது.

குறைபாடு இருந்தால் மாத்திரை அவசியம். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள், அசிடிட்டி மாத்திரையை விடாமல் எடுப்பவர்கள், முழுச் சைவர்கள் ஆகியோருக்கு பி12 குறையலாம். அப்போது நரம்புகள் பாதிக்கப்பட்டு, பாதம் மரத்துப்போகும், எரியும். ‘கால்ல ரத்த ஓட்டமே இல்ல’ என்று பலர் சொல்வது இந்த நரம்புப் பாதிப்பாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று தெரிந்தால் மாத்திரையோ ஊசியோ நல்ல பலன் தரும்.

உண்மையான ரத்தக்குழாய் அடைப்பின் அடையாளம் வேறு. நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் சில நிமிடத்தில் வலி விடும். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய சோதனையிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம்; இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.9க்குக் கீழே போனால் காலில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். இதைத் தவறவிட்டு, மாதக்கணக்கில் சத்து மாத்திரை சாப்பிட்டு, விரல் கறுத்த பிறகு மருத்துவமனைக்கு வருவது மிகவும் வருந்தத்தக்கது. இந்த நோய்க்குப் பயனுள்ள சிகிச்சைகள் இருக்கின்றன. முதலில் பீடி, சிகரெட்டை விட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, வலி வரும்வரை நடந்து, நின்று ஓய்வெடுத்து மீண்டும் நடக்கும் பயிற்சி ஆகியவையும் தேவை. வாரம் மூன்று முறை, அரைமணி முதல் முக்கால் மணி நேரம் என்று மூன்று மாதம் இப்படி நடந்தால் வலியின்றி நடக்கும் தூரம் கூடும். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தமிழகத்தில் 2021 ஆகஸ்டு முதல் நடைபெறுகிறது.

‘ரத்த ஓட்டத்துக்கு’ என்று விற்கும் பொருள்களில் எல்-ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அடிக்கடி சேர்க்கப்படுகிறது. மாரடைப்பு வந்தவர்களிடம் இதைச் சோதித்த ஆய்வு, ஆர்ஜினின் பெற்ற குழுவில் ஆறு பேர் இறந்ததால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மற்றக் குழுவில் ஒருவரும் இறக்கவில்லை. 400 யூனிட் வைட்டமின் இ தினமும் எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. சத்துத் துணைப்பொருள்களின் லேபிளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. செயற்கை இதய வால்வு பொருத்தி, வார்ஃபரின் அல்லது அசெனோகூமரால் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே உள்ள புட்டியை டாக்டரிடம் காட்டாமல் தொடவே கூடாது; அது ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும்.