மயிற்பொறியும் மாணவர் கணிப்பொறியும்
வீட்டில் பறக்கும் மென்பொருள்களின் மெய்ம்மையும் எளிமையும்

முன்னுரை

வானில் பறக்க வேண்டும் என்னும் வேட்கை தமிழர்க்குப் புதியதன்று. ஓட்டுநர் இன்றிச் செல்லும் வானூர்தியைப் புறநானூறு குறிப்பிடுகின்றது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. வரவிருக்கும் கேட்டை உணர்ந்த சச்சந்தன், கருவுற்றிருந்த தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கின்றான். பொறியை வலப்புறம் திருகினால் அது விண்ணில் எழும். இடப்புறம் திருகினால் நிலத்தில் இறங்கும். விசயை அதனை இயக்கிப் பழகுகின்றாள். பின்னர்க் கட்டியங்காரன் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது அதில் ஏறித் தப்புகின்றாள். ஆயினும் பகைவனின் வெற்றி முரசு செவியில் விழுந்த அளவில் மயங்குகின்றாள். பொறி சுடுகாட்டில் இறங்குகின்றது. சீவகன் அங்கேயே பிறக்கின்றான்.

இக்காட்சியைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வந்துள்ளோம். அதனுள் பொதிந்துள்ள ஒரு வினாவை அண்மையில்தான் உணர்ந்தோம். இயக்குவதற்கு அத்துணை எளிதான கருவி; முன்கூட்டியே பயிற்சியும் உண்டு; இருந்தும் உரிய வேளையில் கை ஏன் தளர்ந்தது? பழகிய வேளையும் பறந்த வேளையும் ஒன்றல்ல என்பதே விடை.

இவ்வினாவை நம்முன் வைத்தவர் ஒரு தாய். பகுதி ஒன்று தமிழ் வகுப்பில் நம்மிடம் பயிலும் இயற்பியல் மாணவர் ஒருவரின் அன்னையார் அவர். வண்ணாரப்பேட்டையில் ஒரே அறை கொண்ட வீடு. தந்தையார் துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். "சார், பிள்ளை வீட்டு கம்ப்யூட்டர்லயே பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொல்றான். பைலட் படிப்புக்கு அட்வான்ஸ் கட்டணுமாம். நகையை வச்சுக் கட்டிடலாமா?" என்று கேட்டார். தமிழ் நடத்தும் நமக்கு உடனே விடை கூறத் தெரியவில்லை. சில வாரங்கள் அம்மாணவரோடு அமர்ந்து அம்மென்பொருள்களைப் பயின்றோம். அதன் பயனே இக்கட்டுரை.

இரு வழக்குகள்

ஃப்ளைட் சிமுலேட்டர் எனப்படும் பறத்தற் பாவனை மென்பொருளை இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடுவர். ஒன்று மெய்ம்மை, உண்மை விமானத்தை அது எவ்வளவு ஒத்திருக்கின்றது என்பது. மற்றொன்று பயன்பாட்டு எளிமை. புதியவர் ஒருவர் அதனை எவ்வளவு விரைவில் கையாள இயலும் என்பது. ஒன்று மிகின் மற்றொன்று குறையும் என்பது பொதுவான கருத்து.

தொல்காப்பியம் பயின்றவர்க்கு இச்சிக்கல் புதியதாகத் தோன்றாது. உள்ளதை உள்ளவாறே கூறுவது உலகியல் வழக்கு. சுவைபடப் புனைந்து கூறுவது நாடக வழக்கு. இரண்டும் கலந்தமைவதே புலனெறி வழக்கு என்பது அந்நூல் தரும் தெளிவு. உலகியல் மட்டும் எஞ்சினால் அது செய்தியாகும். நாடகம் மட்டும் எஞ்சினால் அது பொய்யாகும். எங்கே எதனைக் கலப்பது என்பதில்தான் புலவனின் திறம் அடங்கியுள்ளது. மென்பொருள் செய்பவர்க்கும் இது பொருந்தும்.

மூன்று மென்பொருள்கள்

இத்துறையில் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான புரூஸ் ஆர்ட்விக். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1975-இல் இப்பொருள் பற்றி ஆய்வேடு அளித்தவர். ஆப்பிள் கணிப்பொறிக்கென அவர் ஆக்கிய பாவனையில் நிலமும் விமானமும் சில கோடுகளே. 1982-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஐ.பி.எம். கணிப்பொறிக்கென அதனை வெளியிட்டது. அவ்வழியில் வளர்ந்ததே மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர். 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு, செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் திரையில் விரிக்கின்றது. அப்பொழுதைய வானிலையையும் இணையம் வழியே பெற்றுக் காட்டுகின்றது. 2024 நவம்பரில் அடுத்த பதிப்பு வந்தது. காட்சியழகில் இதற்கு நிகரில்லை.

இரண்டாவது, ஆஸ்டின் மேயர் உருவாக்கிய எக்ஸ்-பிளேன். 1990-களில் தோன்றிய இது காட்சியினும் காற்றையே முதன்மையாகக் கொண்டது. இறக்கையைச் சிறு சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொரு கூற்றின்மீதும் காற்று செலுத்தும் விசையை நொடிக்குப் பலமுறை கணக்கிட்டு, அவற்றின் கூட்டுத்தொகையால் விமானத்தை நகர்த்துவது இதன் முறை. இறக்கையின் வடிவை மாற்றினால் பறக்கும் இயல்பும் மாறும். இயற்பியல் மாணவர்க்கு இஃது ஓர் ஆய்வுக்கூடம் எனில் மிகையாகாது.

மூன்றாவது ஃப்ளைட்கியர். 1990-களின் பிற்பகுதியில் தன்னார்வலர் பலர் கூடித் தொடங்கியது. விலையில்லாதது, அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம். பட்டியல்களும் அமைப்புகளும் புதியவரைச் சற்று மிரட்டும். ஆயினும் பொருள் வசதியற்ற மாணவர்க்குக் கதவு திறந்து வைத்திருப்பது இதுவே.

கண்ணின் மெய்ம்மையும் கையின் மெய்ம்மையும்

மெய்ம்மை என்றவுடன் நம் மனம் காட்சியையே நாடுகின்றது. நாமும் அவ்வாறே முதலில் திரையில் நம் ஊரைத் தேடினோம். துறைமுகமும் கடற்கரையும் உரிய இடத்தில் இருந்தன, தெருக்களும் பொருந்தின. கட்டிடங்களோ பெரும்பாலும் கணிப்பொறி தானே ஊகித்து எழுப்பியவை. அவ்வூகம் பிழைபடுவதும் உண்டு. 2020-இல் மெல்போர்ன் நகரின் புறநகர்ப் பகுதியில் 212 மாடி கொண்ட ஒரு கோபுரம் அம்மென்பொருளில் எழுந்து நின்றது. திறந்த வரைபடம் ஒன்றில் 2 என்பதற்குப் பதில் எவரோ 212 எனத் தட்டச்சிட்டதே காரணம். கண்ணுக்கு மெய்யாகத் தோன்றுவதெல்லாம் மெய்யாகிவிடாது.

இதற்கு நேர்மாறான ஒரு சான்றும் உண்டு. எட்வின் லிங்க் என்பவர் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். அக்கருவியின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு 1929-இல் பறத்தற் பயிற்சிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். மூடிய பெட்டிக்குள் வெளிக்காட்சி எதுவும் தெரியாது. அளவுமானிகளும் கைப்பிடியும் மட்டுமே. தொடக்கத்தில் அதனை வாங்கியவை பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்கள். 1934-இல் அமெரிக்க இராணுவ விமானிகள் அஞ்சல் சுமக்கும் பணியை ஏற்றபோது, பலர் மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்தனர். அதன் பின்னரே இராணுவம் அப்பெட்டியை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அதில் அமர்ந்தே மானிகளை நம்பிப் பறக்கக் கற்றனர். பூங்காவில் விளையாட்டுப் பொருளாக இருந்ததும், பயிற்சிக் கூடத்தில் ஆசானாக மாறியதும் ஒரே பெட்டி. கருவி மாறவில்லை, பயன்படுத்திய முறையே மாறியது.

எனவே மெய்ம்மை இருவகைப்படும் எனக் கொள்ளலாம். திரையில் தெரிவது கண்ணின் மெய்ம்மை. பழகியபின் கையிலும் கருத்திலும் தங்கும் சரியான பழக்கம் கையின் மெய்ம்மை. பயிற்சிக்கு உதவுவது பின்னதே.

இதனை ஒரு மாலையில் நேரிற் கண்டோம். நம் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் விமானப்படையில் தொழில்நுட்பப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அவரை அம்மாணவரின் இல்லத்திற்கு அழைத்துச் சென்றோம். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணிப்பொறி. அதில் 2006-இல் வெளிவந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ். மாணவர் பெரிய பயணிகள் விமானத்தை மீனம்பாக்கத்தில் அழகாக இறக்கிக் காட்டினார். பெரியவர் புன்னகைத்து, "தம்பி, ஆட்டோ பைலட்டை நிறுத்து. உதவி அமைப்புகள் அனைத்தையும் நீக்கு. சிறிய செஸ்னா 172 விமானத்தை எடு" என்றார். மூன்றாயிரம் அடி உயரத்தில் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, மூக்கை உயர்த்தச் சொன்னார். வேகம் தளர்ந்தது, எச்சரிக்கை ஒலி எழுந்தது, விமானம் அமிழத் தொடங்கியது. மாணவரோ பதறி மூக்கை மேலும் உயர்த்தினார். திரையில் நிலம் நெருங்கிக்கொண்டே வந்தது.

இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்தால், அதன்மேல் ஒட்டிச் சென்ற காற்று பிரிந்துவிடும். தாங்கும் விசை சரியும். அப்போது மூக்கைத் தாழ்த்துவதே மீளும் வழி. விழும்போது மேலே இழுக்கத் தூண்டுவது மனித இயல்பு. தாழ்த்தப் பழகுவதே பயிற்சி. நூற்றுக்கணக்கான முறை "இறக்கிய" அம்மாணவர்க்கு அப்பழக்கம் ஒருமுறையும் வாய்க்கவில்லை. உதவி அமைப்புகள் அவரை அந்நிலைக்குச் செல்லவே விட்டதில்லை.

எளிமையின் இருவகை

இதனால் எளிமை தீது என்பது பொருளன்று. கடினத்தை மறைத்துவிடும் எளிமை ஒன்று. கடினத்தைப் படிப்படியாகத் தரும் எளிமை மற்றொன்று.

முன்னதற்குச் சான்றாக 2012 பிப்ரவரி இறுதியில் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் என்னும் மென்பொருளைக் கூறலாம். புதியவர்களை ஈர்க்கும் பொருட்டுப் பெரிதும் எளிமையாக்கப்பட்டு, ஹவாய்த் தீவுகளை மையமாகக் கொண்டு இலவசமாகவே அது வழங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் அதன் ஆக்கப்பணி நிறுத்தப்பட்டது. பழகியவர்க்கு அதில் ஆழம் போதவில்லை. பின்னதற்குச் சான்று 2020 பதிப்பு. எல்லா உதவியும் உண்டு, இடைப்பட்ட நிலை, உண்மையில் உள்ளவாறு என உதவிகளை மூன்று தரமாக அது வகுத்துள்ளது. ஒவ்வோர் உதவியையும் தனித்தனியே நீக்கவும் இயலும். குழந்தைக்கு நடைவண்டி தருவது போன்றது இது. நடைவண்டி நல்லது, பத்து வயதிலும் அதனை விடாதிருப்பதே குறை.

எந்த மென்பொருளாலும் தர இயலாதவையும் சில உள்ளன. உண்மை விமானத்தில் வேகம் கூடக்கூடக் கைப்பிடி கனக்கும், விசைப்பலகை கனப்பதில்லை. மேகத்தினுள் காதின் உட்பகுதி உடலுக்குப் பொய் கூறும். நாற்காலியில் அமர்ந்தவர்க்கு அம்மயக்கம் நேராது. வீட்டில் நெடுநாள் பழகியவர் வெளியே பாராது மானிகளையே நோக்கும் பழக்கம் உடையவராக வருகின்றனர் என்று பயிற்சி ஆசிரியர்கள் கூறுவதும் நோக்கத்தக்கது. காசிமேட்டு மீனவர் தம் பிள்ளைக்குக் கரையிலேயே துடுப்பைப் பிடிக்கக் கற்பிக்கலாம். அலையை அலைமேல்தான் கற்பிக்க இயலும்.

நம் பகுதி மாணவர்க்குரிய தடைகள்

எளிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பொத்தான்களையும் பட்டியல்களையும் மட்டுமே எண்ணுகின்றனர். நம் மாணவர்க்குத் தடைகள் அதற்கு முன்னரே தொடங்குகின்றன. முதல் தடை கருவி. 2020 பதிப்பு முழுமையாக நிறுவ ஏறத்தாழ 150 கிகாபைட் இடம் கேட்டது. விரைவான இணையமும் வேண்டும். இது ஓரறை வீட்டுக்கு எளிதன்று.

இரண்டாவது தடை மொழி. அம்மாணவரின் பிழை கையில் மட்டும் இல்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். திரையில் சிவப்பு எழுத்தில் 'ஸ்டால்' என்று தோன்றியபோது, எஞ்சின் நின்றுவிட்டது என்றே அவர் பொருள் கொண்டிருந்தார். காரைப் பற்றி அவ்வாறு கூறுவதைக் கேட்டுப் பழகியவர் அவர். விமானத்தில் அச்சொல் குறிப்பது இறக்கை தாங்கும் விசையை இழப்பதை. ஒரு சொல்லின் பொருள் தெளியாமையால் கை தவறான பக்கம் சென்றது. "தாங்குவிசை இழப்பு" என நாம் எழுதிக் காட்டியபோது, "அப்படியானால் மூக்கைத் தாழ்த்தி வேகம் பெற வேண்டும்" என்று அவரே கூறினார். தாய்மொழியில் விளங்கியது கைக்கு எட்ட ஒரு நொடியே ஆயிற்று.

வானொலியில் பேசுவதற்கு ஆங்கிலம் இன்றியமையாதது. பன்னாட்டுச் சேவையில் உள்ள விமானிகளுக்கு ஆங்கிலத் திறன் நான்காம் நிலையிலாவது இருத்தல் வேண்டும் என்பது 2008 முதல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு விதி. அதனை மறுப்பார் இலர். ஆயின் பேசுவதற்கு ஒரு மொழியும் விளங்கிக்கொள்வதற்கு ஒரு மொழியும் இருப்பதில் முரண் இல்லை. எழும்புமுன் சரிபார்க்க வேண்டியவை, இறங்குமுன் சரிபார்க்க வேண்டியவை ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் சிறு கையேட்டை அம்மாணவரும் நாமும் இணைந்து எழுதத் தொடங்கியுள்ளோம். தமிழ்த்துறை செய்யத்தக்க பணி இது என்பது நம் கருத்து.

முடிவுரை

மேற்கண்டவற்றால், காட்சி எவ்வளவு மெய்யாக உள்ளது என்பதைவிட, உதவிகள் நீங்கியபின் கையில் எஞ்சும் பழக்கம் எது என்பதே இம்மென்பொருள்களை மதிப்பிடும் சரியான அளவுகோல் எனத் தெளிகின்றோம். வசதியற்ற மாணவர் ஃப்ளைட்கியரில், ஒரே எஞ்சின் கொண்ட சிறு விமானத்தோடு தொடங்குவது போதும். நேராகப் பறத்தல், திரும்புதல், தாங்குவிசை இழப்பிலிருந்து மீளுதல் ஆகியவற்றை உதவியின்றிப் பழகியபின் பெரிய விமானத்தை நாடலாம்.

அத்தாய்க்கு நாம் அளித்த விடையையும் கூறுதல் வேண்டும். "அம்மா, பிள்ளையின் ஆர்வம் மெய், அவன் கற்றதில் ஒரு பகுதியும் மெய். ஆனால் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் விமானம் ஓட்டியிருக்க வேண்டும். வீட்டுக் கணிப்பொறியில் கழித்த ஒரு நிமிடமும் அக்கணக்கில் சேராது. முதலில் அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககம் ஒப்பிய மருத்துவரிடம் இரண்டாம் வகுப்பு மருத்துவத் தகுதி பெறட்டும். பணம் கேட்கும் நிலையம் அவ்வியக்ககத்தின் ஒப்புதல் பெற்றதா என்று பார்ப்போம். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றோம். இயக்ககம் வெளியிடும் பட்டியலை மாணவரே பார்த்தார். அந்நிலையத்தின் பெயர் அதில் இல்லை. முன்பணம் கட்டப்படவில்லை.

அம்மாணவர் இப்பொழுதும் மாலைதோறும் செஸ்னாவில் எழுகின்றார். மூக்கை உயர்த்துகின்றார், எச்சரிக்கை ஒலி எழுகின்றது, தாழ்த்தி மீள்கின்றார். விசயைக்குக் கிட்டாத பயிற்சி அதுவே. முரசு ஒலிக்கும் வேளையிலும் கை தளராதிருக்கப் பழகுவோமாக.