அன்று நர்சம்மா, இன்று முதல்வர்

ஆந்திர எல்லையோர அம்மையார்குப்பத்தில் கைத்தறி ஓடிய காலத்தில் பிள்ளை என்றால் வேலைக்கு ஒரு கை. அப்பா குழித்தறியில் இறங்குவார்; தெருவில் நீட்டிய பாவுக்கு அம்மா கஞ்சி போடுவாள்; பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் ராட்டையில் தார் சுற்றும். இன்று விசைத்தறி இரைச்சலில் ஒருவரே இரண்டு தறியைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் ஒன்றோ இரண்டோதான். அதுவும் கல்லூரி பஸ் ஏறிவிடுகிறது.

இந்தக் குறைவுக்கு உரிமை கொண்டாடப் பலர் உண்டு. 1952-இல் மத்திய அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1950-களின் பிற்பாதியில் கருத்தடை செய்துகொண்டவர்களுக்குப் பணம் கொடுத்து சென்னை மாநிலம் முந்தியது. அதை முன்னின்று வலியுறுத்தியவர், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஆர்.ஏ. கோபாலசாமி. சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் வந்தது. “ரெண்டு போதும்மா, ஆபரேஷன் பண்ணிக்கோ” என்று நர்சம்மா வாசலில் வந்து நின்றார். இவர்களுக்கெல்லாம் முன்பே கருத்தடை பேசியவர் பெரியார். அவர் சொன்ன காரணம் நாட்டின் வறுமை அல்ல, பெண்ணின் விடுதலை. அது மட்டும் அரசுக் கோப்பில் ஏறவில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரி பிள்ளைகள் தமிழ்நாட்டில் 1.8, ஆந்திரத்தில் 1.7.

இப்போது பாட்டு மாறிவிட்டது. எல்லை தாண்டினால் ஆந்திரத்தின் நகரி. அந்தப் பக்கம் இரண்டுக்கு மேல் பெற்றவர் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க 1994 சட்டம் தடை போட்டிருந்தது. 2024 நவம்பரில் அதை நீக்கினார்கள். முதியோர் பெருகுகிறார்கள், கூடுதலாகப் பெறுங்கள் என்றார் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு. இந்தப் பக்கம் ஸ்டாலினுக்குத் தொகுதிக் கவலை: மக்கள்தொகைப்படி எம்.பி. இடங்களைப் பங்கிட்டால் தமிழ்நாட்டுக்குக் குறையும். 2025 மார்ச்சில், தமிழ்நாட்டு முதல்வராக, நாகப்பட்டினத்துத் திருமண மேடையில், மணமக்கள் உடனே குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்றார். பயம் வெறும் பயமில்லை: 1962-இல் 41 எம்.பி.க்களை அனுப்பிய மாநிலம் 1967-இல் 39-தான் அனுப்பியது.

டெல்லி பொருளாதாரம் பார்த்தது, முதல்வர்கள் முதியோரையும் நாற்காலியையும் எண்ணினார்கள். பெறுகிறவளோ பள்ளிக் கட்டணத்தையும், வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பார்கள் என்பதையும் எண்ணுகிறாள். அவளிடம் கேட்டுக் கொள்கை எழுதியவர் இதுவரை யாருமில்லை.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 1992-இல் வந்த பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில் வைப்புத்தொகை வேண்டுமானால், பெற்றோரில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும். நாகப்பட்டினத்தில் முதல்வர் பேசிய அன்றும் அந்த விதி அமலில்தான் இருந்தது.