நம்ம ஓட்டு எங்கே எடை கூடும்?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. பேச்சும் ஒன்றுதான், சாப்பாடும் ஒன்றுதான். ஓட்டின் எடை மட்டும் வேறு.

2021 சட்டமன்றத் தேர்தல் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 234 தொகுதிக்குச் சுமார் 6.28 கோடி வாக்காளர்கள். தொகுதிக்குச் சராசரி 2.68 லட்சம் பேர். புதுச்சேரியில் 30 தொகுதிக்குச் சுமார் 10 லட்சம். சராசரி 33 ஆயிரம்தான். அங்கே எட்டுப் பேர் சேர்ந்தால் வரும் எடை, இங்கே ஒருத்தருக்கே இருக்கிறது.

நான் பாகூர் பக்கத்து விவசாயி. வாரம் ஒருநாள் முத்தியால்பேட்டை வீடுகளுக்குக் காய்கறி கொடுக்கிறேன். "உழவன் பேச்சை யாரும் கேக்கறதில்ல" என்று நம்ம கூட்டங்களில் சொல்லாத ஆள் இல்லை. கேட்க வைக்க என்ன வழி என்று யோசித்தால், யார் ஓட்டுப் போடுகிறார்கள் என்பதிலிருந்துதான் தொடங்கணும்.

முதலில், எத்தனை பேர் போடுகிறார்கள்? 2021-இல் சென்னையில் 60 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. புதுச்சேரியில் 80-ஐத் தாண்டியது. பெருநகரத்தில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களின் பெயர் பழைய முகவரியிலேயே கிடக்கும். சின்ன ஊரில் வாக்குச்சாவடி பக்கத்துத் தெருவில் இருக்கும். "இன்னும் போடலியா?" என்று கேட்க நாலு பேர் வருவார்கள். காசும் ஒரு காரணம், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சில நூறு ஓட்டில் முடிவு மாறும் என்று தெரிந்த ஊரில், காசு இல்லாமலும் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள்.

அடுத்து, யார் போடுகிறார்கள்? புதுச்சேரி வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் 50 ஆயிரத்துக்கும் மேல் அதிகம். ஊரில் குடியிருப்பவர் எல்லாருக்கும் ஓட்டு இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுவார்கள். நம்ம தேர்தலில் போட முடியாது.

மூன்றாவது, எந்தப் பக்கம் சாய்கிறார்கள்? சாதி, தொழில், வயசை வைத்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். ஓரளவுக்குத்தான் அது செல்லும். முத்தியால்பேட்டையில் 2016-இல் ஜெயித்தது அதிமுக. 2021-இல் ஜெயித்தது சுயேச்சை வேட்பாளர் ஜெ. பிரகாஷ்குமார். இடையில் நெசவுக் குடும்பங்களோ சோலை நகர் மீனவர்களோ ஊரை விட்டுப் போய்விடவில்லை. அதே வருஷம் புதுச்சேரியில் மொத்தம் 6 சுயேச்சைகள் ஜெயித்தார்கள். முதலமைச்சரான ரங்கசாமியே ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் தோற்றார். சின்னத் தொகுதியில் சின்னத்தைவிடத் தெரிந்த முகம் பெரிது.

இதில் நமக்கு என்ன சேதி? 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி புதுச்சேரியில் 68 சதவீதம் பேர் நகரவாசிகள். விவசாயி மட்டும் தனியாக நின்றால் எண்ணிக்கை போதாது. நம்ம காய்கறியை வாங்குகிற வீட்டுப் பெண்கள் கூட நின்றால் கணக்கே மாறும். "விஷமில்லாத காய்கறிக்கு ஒரு சந்தை இடம் கொடுங்க, மட்கும் குப்பையைப் பிரிச்சு உரமாக்கிக் கொடுங்க" என்று உழவரும் நகரத்துக் குடும்பமும் சேர்ந்து கேட்டால், 33 ஆயிரம் ஓட்டுள்ள இடத்தில் எந்த வேட்பாளரும் காது கொடுத்தாகணும்.

ஆனால் சந்தையும் குப்பையும் நகராட்சி, கொம்யூன் பஞ்சாயத்து வேலை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது; பிறகு 38 வருஷம் கழித்து 2006-இல் நடந்தது. 2011-இல் பதவிக்காலம் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்தும் நின்றுபோனது. உள்ளாட்சியில் குறைந்தது மூன்றில் ஒரு இடம் பெண்களுக்கு என்று அரசியல் சட்டம் சொல்கிறது. வாக்காளரில் பெரும்பாதி பெண்கள் இருக்கும் ஊரில், அந்த நாற்காலிகளே இல்லை.

அடுத்து ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருபவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் இருக்கட்டும். "உள்ளாட்சித் தேர்தல் எப்போ?" என்று முதலில் கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவையும் கூடச் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.