பழைய நெகிழ்வட்டில் முடங்கிய தமிழை மீட்கலாம்

கெடாவில் பீடோங், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் ஏராளம். தோட்டம் மறைந்தாலும் ஆலயக் கணக்கு, பள்ளி மலர், மன்ற உறுப்பினர் பட்டியல் போன்றவை அதன் வரலாற்றைச் சொல்லும்.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கியது முதல் இங்கு கணினியில் தமிழ் எழுதப்பட்டு வருகிறது. அக்காலக் கோப்புகள் நெகிழ்வட்டில் இருந்தால் தாமதிக்கக் கூடாது. நமது ஈரப்பத வெப்பத்தில் வட்டுகளில் பூஞ்சை படியும். காந்தப் பதிவும் மங்கும்.

மூன்றரை அங்குல வட்டைப் படிக்க யுஎஸ்பி கருவி கிடைக்கிறது. ஐந்தேகால் அங்குல வட்டுக்கு அது எளிதில் கிடைக்காது. பழைய டாஸ் கணினி இன்னும் இயங்கினால், அதையே ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினியோடு இணைப்பது எளிய வழி.

பழைய கணினியின் பின்புறம் 9 அல்லது 25 ஊசி கொண்ட தொடர் இணைப்புவாய் இருக்கும். அதை ராஸ்பெரி பையின் ஊசிகளில் நேரடியாகச் செருகக் கூடாது. அந்த ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட், பழைய இணைப்புவாயிலோ 12 வோல்ட் வரை வரலாம். பலகை கருகிவிடும். எனவே யுஎஸ்பி-தொடர் மாற்றியும், அனுப்பும் கம்பியையும் பெறும் கம்பியையும் மாற்றி இணைக்கும் 'நல் மோடம்' வடமும் தேவை.

வட்டைச் செருகும் முன் அதன் ஓரத்திலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடுங்கள். அப்போது தவறுதலாக எதுவும் அழியாது.

அடுத்து, இரு கணினிகளிலும் வேகத்தை 9600 என்றும், தரவு அளவை 8 பிட் என்றும் அமைக்க வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. பல பழைய குறியாக்கங்களில் தமிழ் எழுத்துகள் எட்டாவது பிட்டைப் பயன்படுத்தின. 7 பிட் என அமைத்தால் ஆங்கிலம் சரியாக வரும், தமிழ் சிதைந்துவிடும்.

கோப்புகளை அனுப்ப 1981இல் தோன்றிய கெர்மிட் உதவும். பிழை நேர்ந்தால் அது அப்பகுதியை மீண்டும் அனுப்பும். இந்த வேகத்தில் 360 கிலோபைட் வட்டு முழுவதும் வந்துசேர ஏழு நிமிடமாவது ஆகும்.

வந்த கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள் தெரியலாம். அஞ்ச வேண்டாம். யூனிகோட் 1991இல்தான் வெளிவந்தது. அதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனிக் குறியாக்கம் இருந்தது. ஓப்பன்-தமிழ் எனும் இலவச நிரல்தொகுப்பு, பழைய குறியாக்கங்கள் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றும். எந்த மென்பொருளில் எழுதப்பட்டது என்று தெரிந்தால் வேலை சுலபம். வட்டின் மேலுறையில் உள்ள குறிப்பைப் படம்பிடித்து வையுங்கள்.

மாற்றிய பிறகு மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். ஒரு பிரதியை வீட்டிலும், மற்றொன்றைப் பள்ளியிலோ ஆலய நிர்வாகத்திடமோ வைப்பது நல்லது. அந்தப் பட்டியலில் இருப்பவை நம் தாத்தா பாட்டியின் பெயர்களாக இருக்கலாம்.